கதை கேட்கும் கைகள்

ஹவானா தெருவில் யாராவது உங்களை நிறுத்தி "எந்த ஊர்?" என்று கேட்டால், அடுத்த கேள்வியை நீங்களே சொல்லிவிடலாம். "சுருட்டு வேண்டுமா?" அவருக்கு ஓர் அண்ணன் இருப்பார். அண்ணன் இல்லாவிட்டால் சித்தப்பா, அதுவும் இல்லாவிட்டால் மனைவியின் தம்பி. அந்த உறவினர் சுருட்டாலையில் வேலை பார்ப்பார். மாதத்தில் ஒரே ஒரு நாள் தொழிலாளர்களுக்குப் பாதி விலையில் கொடுப்பார்களாம். அந்த நாள் எதுவென்று நினைக்கிறீர்கள்? இன்றைக்குத்தான்! நாங்கள் கியூபாவில் இருந்த ஒன்பது நாளும் "இன்றைக்குத்தான்" ஆகவே இருந்தது.

என்னோடு வந்த நண்பர் வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர். எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது மெய்யா பொய்யா என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவரே இரண்டாம் நாள் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். பெட்டி அழகாக இருந்தது, முத்திரை பளபளத்தது. மறுநாள் மாலை வின்யாலெஸ் கிராமத்தில், நாங்கள் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையின் ஆடும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒன்றைப் பற்ற வைத்தார். இழு இழு என்று இழுக்கிறார், கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப்போகின்றன, கண் பிதுங்குகிறது, புகை மட்டும் வரவில்லை. "டேய், இது இழுக்கவே மாட்டேங்குதுடா" என்றார். கடனைத் திருப்பிக் கட்டாத வாடிக்கையாளரைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

சுருட்டுக்காக இவ்வளவு தூரமா என்று கோலாலம்பூரில் எல்லாருமே கேட்டார்கள். நேரடி விமானம் கிடையாது. இஸ்தான்புல்லில் மாறி, இரண்டு இரவைத் தொலைத்து, இடுப்பு கழன்று போய்ச் சேர வேண்டும். எனக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று என் தாத்தா. மற்றொன்று என் தொழில். தொழிலைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாத்தா பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் மரத்துக்குப் போகும்போது வாயில் ஒரு சுருட்டு புகைந்துகொண்டிருக்கும். கொசுவுக்காக என்பார். வெயில் ஏறி, கொசுவெல்லாம் போன பிறகும் சுருட்டு போகாது. அந்தச் சொல்லும் நம்முடையதுதான். ஆங்கிலத்தில் 'செரூட்' என்பது நம் 'சுருட்டு' கப்பலேறிப் போன கதை. திருச்சி உறையூரில் உருட்டிய சுருட்டு ஒரு காலத்தில் லண்டன் கனவான்களின் வாயில் இருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிப்பார். ஆனால் இன்று உலகம் சுருட்டு என்றதும் நினைப்பது கியூபாவை. அதன் புகையிலைக்குத் தாய்வீடு நாட்டின் மேற்கு முனையில் இருக்கும் பினார் டெல் ரியோ மாநிலம்.

ஹவானாவிலிருந்து வின்யாலெஸ் சுமார் 180 கிலோமீட்டர். நம் அப்பா பிறப்பதற்கு முன்பே பிறந்த ஓர் அமெரிக்கக் காரில் நான்கு பேர் வாடகையைப் பங்கிட்டுக்கொண்டு போனோம். சாலையில் எங்களைவிட அதிகமாகக் குதிரை வண்டிகள். பள்ளத்தாக்கின் விளிம்பில் கார் நின்றதும் நண்பர் சொன்ன முதல் வார்த்தை, "இது ஈப்போ!" தவறில்லை. ஈப்போ, கோப்பெங் பக்கம் போனவர்களுக்குத் தெரிந்த அதே சுண்ணாம்புக் குன்றுகள், சமவெளியில் யாரோ தூக்கி வைத்தது போலத் திடீர் திடீரென்று நிற்கின்றன. வித்தியாசம் தரையில்தான். அங்கே மண் செங்கல் தூளாகச் சிவந்திருக்கிறது. அதில் முழங்கால் உயரத்துக்குப் புகையிலை. இன்னும் உழுவது மாடுதான். 1999-இல் யுனெஸ்கோ இந்தப் பள்ளத்தாக்கை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது, அழகை மட்டும் பார்க்கவில்லை. மாறாமல் இருக்கும் இந்த விவசாய முறையையும் சேர்த்துத்தான் பார்த்தது.

தைப்பூசம் முடிந்த கையோடு கிளம்பியதால் அறுவடைக் காலத்தில் போய் இறங்கியிருந்தோம். செடியை வேரோடு வெட்டுவதில்லை. கீழிருந்து மேலாக, சில இலைகள் மட்டும், பல நாள் இடைவெளி விட்டுப் பறிக்கிறார்கள். அடி இலை மென்மையானது, நன்றாக எரியும். நடு இலைக்கு மணம். வெயில் முழுவதையும் வாங்கிய உச்சி இலை தடித்து, எண்ணெய் பிடித்து, காரமாக இருக்கும், மெதுவாகத்தான் எரியும். ஒரு நல்ல சுருட்டில் மூன்றும் கலந்திருக்க வேண்டும். தாத்தா பிடித்த சுருட்டில் இதெல்லாம் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருமல் இருந்தது.

வயலுக்கு நடுவில் கூரை வேய்ந்த உயரமான குடிசை ஒன்று. அதுதான் இலை காயவைக்கும் வீடு. உள்ளே இருட்டு. கண் பழகியதும் தலைக்கு மேல் வரிசை வரிசையாகக் கம்புகள், கம்புகளில் சோடி சோடியாகத் தைத்துத் தொங்கவிட்ட இலைகள். பச்சை, மஞ்சள், பழுப்பு என்று நிறம் மாற ஐம்பது நாள் அளவில் ஆகும். மழை வந்தால் கதவைச் சாத்துவதும், வெயில் வந்தால் திறப்பதுமாக யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். வைக்கோல், ஈரமண், கொஞ்சம் தேன், கொஞ்சம் குதிரை லாயம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. இரண்டு நாள் கழித்தும் அது என் சட்டையில் இருந்தது.

அந்தக் குடிசைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வைக்கோல் தொப்பி. விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு அரசுக்கு, ஒரு பங்கு தனக்கு என்றார். எங்கள் வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தார். நண்பர் வெட்கத்தோடு தன் பெட்டியை நீட்டினார்.

பெரியவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஒன்றை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, நுனியிலிருந்து அடிவரை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். பாதி வழியில் விரல் நின்றது. இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, மீன் வயிற்றைக் கிழிப்பது போல நீளவாக்கில் ஒரே கீறல். உள்ளே இருந்ததைப் பார்த்து வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டார். முழு இலை ஒன்றுகூட இல்லை. ஆலைத் தரையில் கூட்டியெடுத்த தூளும் துணுக்கும். நடுவே தீக்குச்சி தடிமனில் ஓர் இலை நரம்பு. அதைச் சுற்றி ஒரு சிறிய இலைத்துண்டு, ஈரத்துணியைப் பிழிந்தது போல முறுக்கிக் கிடந்தது. "அதோ" என்று கத்தி முனையால் அந்த முறுக்கைத் தொட்டுக் காட்டினார். காற்று அங்கேயே நின்றுவிடுகிறது. நீ பேய்மாதிரி இழுத்தாலும் வராது.

நண்பரிடம் இன்னொரு சுருட்டும் இருந்தது. ஹவானாவில் முறையான கடையில், முழு விலை கொடுத்து வாங்கியது. அதுவும் இழுப்பு சரியில்லை என்று அணைத்துப் பையில் வைத்திருந்தார். பெரியவர் அதையும் அழுத்திப் பார்த்தார், முகர்ந்தார். இந்த முறை கத்தியை எடுக்கவில்லை. "இது நல்ல சரக்கு. ஈரம் குடித்திருக்கிறது. இரண்டு நாள் வெளியே கிடக்கட்டும். பாதி எரித்துவிட்டாய், சுவை கொஞ்சம் கெட்டிருக்கும். ஆனால் இழுக்கும்." ஹவானா திரும்பிய அன்று மாலை நண்பர் அதைத் திரும்பப் பற்ற வைத்தார். இழுத்தது.

ஒரு சுருட்டு இழுக்காமல் போவதற்கு அநேகமாக இந்த இரண்டு காரணங்கள்தான். உருட்டிய கையின் குறை, அல்லது வைத்திருந்த இடத்தின் ஈரம். முதலாவது கியூபாவில் நடப்பது. இரண்டாவது நம் வீட்டில் நடப்பது. அதனால் கொஞ்சம் நம் ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம்.

நம் ஊர்க் காற்றில் அப்பளம் அரை மணி நேரம் தாங்காது. சுருட்டும் அப்படித்தான். காற்றின் ஈரப்பதம் அறுபத்தைந்து, எழுபது விழுக்காட்டில் இருந்தால் அதற்கு நிம்மதி. நம் வீடுகளில் பல நாள் எண்பதைத் தாண்டும். உள்ளே இருக்கும் இலை ஊறி உப்பும், காற்று போகும் வழி அடைபடும். பற்ற வைத்தாலும் ஒரு பக்கமாக எரியும், அடிக்கடி அணையும். அதற்காகக் குளிர்பதனப் பெட்டியில் மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இலை எல்லா வாசனையையும் வாங்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் செலவழித்து மரப்பெட்டியும் வாங்க வேண்டாம். காற்றுப் புகாத சாதாரண பிளாஸ்டிக் டப்பா, உள்ளே அறுபத்தைந்து விழுக்காடு என்று போட்ட ஈரப்பதப் பொட்டலம் ஒன்று, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலை. அவ்வளவு போதும். குளிர்ந்த மூலை என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெப்பம் இருபத்தைந்து பாகையைத் தாண்டினால் இலைக்குள் இருக்கும் வண்டு முட்டை பொரிக்கலாம். ஊசியால் குத்தியது போலச் சுருட்டில் ஓட்டை தெரிந்தால் அது வண்டின் வேலை. ஓட்டை வழியே காற்று புகுவதால் அதுவும் இழுக்காது.

பற்ற வைப்பதற்கு முன்பே இழுப்பைச் சோதித்துவிடலாம். தலைப்பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, நெருப்பில்லாமல் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஸ்ட்ரா போட்டு இளநீர் உறிஞ்சுவது போல, கொஞ்சமே கொஞ்சம் தடை இருந்தால் சரி. கட்டியான மில்க்‌ஷேக்கை உறிஞ்சுவது போலக் கன்னம் வலித்தால் இறுக்கம். எந்தத் தடையும் இல்லாமல் வெறும் காற்று வந்தால், உள்ளே இலை குறைவு. சூடாக எரிந்து நாக்கைச் சுடும். அதற்கு மருந்தே கிடையாது. இறுக்கத்துக்கு உண்டு.

முதலில் இன்னும் ஒரு மில்லிமீட்டர் கத்தரித்துப் பாருங்கள். பல நேரம் அடைப்பு தலைப்பக்கத்தில், மூடியை ஒட்டியே இருக்கும். மூடி இலை முடியும் கோட்டைத் தாண்டி வெட்டிவிட்டால் மேலுறை பிரிந்து அவிழும். அந்த எல்லையை மறக்க வேண்டாம். துளை போடும் கருவி வைத்திருப்பவர்கள் அதை விட்டுவிட்டு நேராக வெட்டுவதே நல்லது. சின்னத் துளையே சில நேரம் தடையாகிவிடும். அப்போதும் இழுக்கவில்லை என்றால், அந்தப் பெரியவர் செய்தது போல விரலால் அழுத்திக்கொண்டே வந்து, கட்டியாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை மட்டும் மெதுவாக உருட்டிப் பிசைந்து கொடுங்கள். சப்பாத்தி மாவு என்று நினைத்துவிடக் கூடாது. கைக்குழந்தையின் காலைப் பிடித்துவிடும் அளவு அழுத்தம் போதும்.

கடைசி ஆயுதம் கம்பி. வின்யாலெஸ் பெரியவர் வைத்திருந்தது மிதிவண்டிச் சக்கரத்தின் கம்பி, முனையைத் தீட்டியது. கடைகளில் சொரசொரப்பான முனையோடு இதற்கென்றே மெல்லிய எஃகுக் கம்பி விற்கிறார்கள். தலைப்பக்கமாக விட்டு, சுழற்றிச் சுழற்றி நேராக உள்ளே செலுத்தி, அதே போலச் சுழற்றி எடுத்தால் அடைப்பில் சிக்கிய இலைத்துணுக்கு கம்பியோடு வெளியே வரும். வெளியே எடுப்பதுதான் முக்கியம். பல்குச்சி அதைச் செய்யாது. அடைப்பை இன்னும் நெருக்கி உள்ளே தள்ளும். சாத்தே குச்சியை முயன்று பார்த்த ஒருவரை எனக்குத் தெரியும். சுருட்டு வாழைப்பழம் உரித்தது போலப் பிரிந்து போனது.

ஈரம்தான் காரணம் என்றால் இந்த அறுவைச் சிகிச்சை எதுவும் வேண்டாம். ஈரப்பதப் பொட்டலம் இல்லாத வெறும் மரப்பெட்டியில், குளிர்சாதனம் ஓடும் அறையில், ஓரிரு நாள் வைத்திருங்கள். எங்கள் வட்டத்தில் "இது போலிச் சரக்கு" என்று தூக்கிப் போடப்பட்ட சுருட்டுகளில் பாதி, இந்த இரண்டு நாள் ஓய்வில் பிழைத்துக்கொண்டன.

பிடிக்கும்போதும் அவசரம் ஆகாது. நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். வேகமாக இழுத்தால் சூடேறி, கசப்பான பிசின் தலைப்பக்கம் வந்து சேர்ந்து, நன்றாக இருந்ததும் அடைத்துக்கொள்ளும். உதட்டில் வைத்துச் சப்புகிறவர்களுக்கும் இதே கதிதான். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதி, தேங்கிய புகையை வெளியேற்றிவிட்டுப் பற்ற வையுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் மனைவி இந்த இதழையே கிழித்துவிடுவார். நெஞ்சுக்குள் இழுக்காததால் சுருட்டில் ஆபத்தில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைச் சுருட்டு கூட்டுகிறது. நடு நரம்பை எடுத்துவிட்டால் நிக்கோட்டினே போய்விடும் என்று வின்யாலெஸில் எல்லாரும் சுற்றுலாப் பயணிகளிடம் சொல்கிறார்கள். நரம்பை எடுப்பது நன்றாக எரிய வேண்டும், காற்று போக வேண்டும் என்பதற்காக. நிக்கோட்டின் இலையில் பத்திரமாகவே இருக்கிறது. எனக்குத் தொண்டைதான் சோறு போடுகிறது. ஆண்டுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. அதுவும் மகள் தூங்கிய பிறகு, பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு. சிங்கப்பூருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே புகையிலைக்குத் தீர்வைச் சலுகையே கிடையாது. ஒரே ஒரு சுருட்டாக இருந்தாலும் அறிவித்து, வரி கட்டியே ஆக வேண்டும்.

சரி, இதெல்லாம் வைத்தியம். நோயே வராமல் பார்த்துக்கொள்வது உருட்டுகிற கை. அந்தக் கையைப் பார்க்க ஹவானா திரும்பினோம்.

ஆலைக்குள் கைப்பை, கேமரா, கைப்பேசி எதற்கும் அனுமதி இல்லை. அதனால் இனி சொல்வதற்கெல்லாம் படம் கிடையாது. உயரமான சன்னல்கள், நீளமான கூடம், பள்ளிக்கூடத்து வரிசைகளைப் போல மேசைகள். நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், பாதிக்கு மேல் பெண்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, கொஞ்சம் பசை, கைப்பிடி இல்லாத பிறைவடிவக் கத்தி ஒன்று. அந்தக் கத்திக்குப் பெயர் சவேதா. இவ்வளவுதான் கருவி.

ஒரு பெண்ணின் மேசை அருகே நின்று பார்த்தேன். நான்கு அரை இலைகளை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றாகப் புத்தகம்போல அடுக்கி மடிக்கலாம், வேகமாக முடியும். அவர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வோர் இலையையும் தனித்தனியாக ஒரு மெல்லிய குழலாகச் சுருட்டினார். குழல்களைச் சேர்த்து உள்ளங்கையில் பிடித்தார், கார இலை நடுவில். இப்படிச் செய்தால் தலையிலிருந்து அடிவரை காற்றுக்குப் பல சின்னச் சின்னப் பாதைகள் கிடைக்கின்றன. அதன் மேல் கட்டும் இலையைச் சுற்றினார். இந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றார் வழிகாட்டி. கை ஒரு பக்கம் சற்று வேகமாகத் திரும்பினால் உள்ளே முறுக்கு விழும். வின்யாலெஸ் பெரியவர் கத்தி முனையால் தொட்டுக் காட்டியது அதுதான். இலை கூடினால் இறுக்கம், குறைந்தால் தொளதொளப்பு. எடை போட்டுப் பார்ப்பதற்கெல்லாம் அவர் கையில் தராசு இல்லை, கைதான் தராசு. பிறகு மர அச்சில் அழுத்தி வைத்து, நடுவில் ஒருமுறை திருப்பிப் போடுகிறார்கள். மேலுறை சுற்றுவதற்கு முன் ஒரு சிறிய இயந்திரம் அதன் வழியே காற்றை இழுத்துப் பார்க்கிறது. முள் எல்லைக்கு வெளியே போனால் பிரித்துத் திரும்ப உருட்ட வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் நூறு. ஒன்பது மாதம் பயிற்சி. பயிற்சி முடிந்தவர்கள் எல்லாருக்கும் மேசை கிடைத்துவிடுவதும் இல்லை.

காலையிலிருந்து மாலைவரை இதே வேலை. கை ஓட வேண்டும், ஆனால் முறுக்கக் கூடாது. அப்படி உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கொடுத்தால் மனம் சலிக்காது? இந்தக் கேள்விக்குக் கியூபா 1865-இல் கண்டுபிடித்த விடைதான் என்னை அங்கே இழுத்துப் போனது.

கூடத்தின் ஒரு பக்கத்தில் சிறிய மேடை. அதில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடி, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு மைக். அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய வேலையே அதுதான். காலையில் நாளிதழ். அடுத்து அறிவிப்புகள்: யாருக்குப் பிறந்தநாள், யாருடைய பணப்பை காணாமல் போயிற்று. பிறகு நாவல். என்ன நாவல் என்பதைத் தொழிலாளர்கள் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இது நடக்கிறது. மொந்தேகிறிஸ்தோ, ரோமியோ இ ஹூலியெட்டா என்று புகழ்பெற்ற சுருட்டுகளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத காலத்துத் தொழிலாளர்கள்கூட விக்டர் ஹியூகோவைப் பற்றி விவாதித்திருக்கிறார்கள். வாசிப்பவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். தொடங்கிய மறு ஆண்டே ஸ்பானிய அரசு தடை போட்டது. கூலிக்காரன் கதை கேட்டால் கேள்வி கேட்பான் என்ற பயம். தடை நிலைக்கவில்லை.

இனி என் தொழில். நான் வானொலி அறிவிப்பாளன். எங்கள் தொழில்தான் இவர்களுடைய தொழிலைச் சாப்பிட்டது. கியூபர்கள் குடியேறிச் சுருட்டு உருட்டிய அமெரிக்காவின் டாம்பா நகரிலும் வாசிப்பவர்கள் இருந்தார்கள். 1931-இல் ஆலை முதலாளிகள் அவர்களை வெளியேற்றினார்கள். அரசியல் வாசித்துத் தொழிலாளர்களைத் தூண்டிவிடுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வேலைநிறுத்தம் நடந்தும் பலனில்லை. மேடைகள் அகற்றப்பட்டன. அந்த இடத்துக்கு வந்தது வானொலிப் பெட்டி.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வானொலி வந்து மக்களை இணைத்தது என்றுதான் படித்தேன். ஆனால் தாத்தா ஒன்று சொல்வார். அவர்கள் தோட்டத்தில் எழுத்துத் தெரிந்த ஒருவர் சாயங்காலம் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து தமிழ்ப் பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பாராம். சுற்றி இருபது முப்பது பேர். நடுவில் நிறுத்திச் சண்டை போடுவார்கள், அவரும் பதில் சொல்வார். வரிசை வீடுகளில் ஒவ்வொன்றாக வானொலி வந்ததும் படிக்கட்டில் கூட்டம் குறைந்துவிட்டது. "பொட்டிகிட்ட கேள்வி கேக்க முடியுமா?" என்பார்.

கியூபாவின் ஆலைகளுக்கும் வானொலி வந்தது. ஆனால் வாசிப்பவர் போகவில்லை. பாட்டுக்கு வானொலி, கதைக்கு இவர் என்று பங்கிட்டுக்கொண்டார்கள். 2012-இல் இந்த வாசிப்பை நாட்டின் பண்பாட்டு மரபாக அரசு அறிவித்தது. இன்று வாசிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்த அம்மா வாசிக்கும் விதத்தைக் கவனித்தேன். குரலை மாற்றி மாற்றி நடிக்கவில்லை. மைக்கை விழுங்கவில்லை. கூடத்தில் கத்திச் சத்தம் கூடும்போது ஒரு வாக்கியத்தை நிறுத்திவைக்கிறார்; சத்தம் தணிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். மேசைகளைப் பார்த்தேன். பரபரப்பான இடத்தில் கைகள் வேகமெடுக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறு. கதை இறுக இறுகக் கைகள் நிதானமாகின்றன.

பிற்பகல் மின்சாரம் போனது. கியூபாவில் அது செய்தியே இல்லை. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, மைக் செத்தது. உருட்டுகிறவர்கள் யாரும் நிமிரவில்லை. சன்னல் வெளிச்சம் அவர்களுக்குப் போதும். அந்த அம்மா புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு மேடையைவிட்டு இறங்கினார். மேசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டே, வெறும் குரலில் தொடர்ந்தார். கடைசி வரிசைக்காரர்கள் சவேதாவைப் பலகையில் தட்டாமல் இழுத்து அறுக்கத் தொடங்கினார்கள். சத்தம் வராமல் இருக்க. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ குறுஞ்செய்திகள் வருகின்றன. எந்த நேயராவது என் குரலுக்காகத் தன் கத்தியை மெதுவாக்கியிருக்கிறாரா?

இடைவேளையில் பத்து நிமிடம் பேசக் கிடைத்தது. நானும் அதே தொழில் என்று வழிகாட்டி சொன்னதும் அவருக்குச் சிரிப்பு. "உன் ஆட்களின் முகம் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். திரையில் எண்ணிக்கை தெரியும், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று. அவர் கூடத்தைக் கையால் காட்டினார். மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு மகன் வெளிநாடு போய்விட்டான், அதனால் பிரிவு வரும் பக்கங்களைக் கொஞ்சம் வேகமாகக் கடந்துவிடுகிறாராம். சன்னலோரம் இருப்பவர் துப்பறியும் கதையில் கொலைகாரனை முன்பே சொல்லிவிடுவார், அதனால் அவரை அடிக்கடி முறைக்க வேண்டியிருக்கிறதாம். கதை பிடித்தால் எல்லாரும் சவேதாவைப் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால்? "தரையில் போடுவார்கள். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும்" என்றார்.

கம்பி, டப்பா, ஈரப்பதப் பொட்டலம் எல்லாம் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டோம். ஆலையிலிருந்து கிளம்பும்போது மின்சாரம் இன்னும் வரவில்லை. அன்றைய அத்தியாயத்தின் முடிவில், செத்துப்போனவரின் கோட்டுப் பையிலிருந்து எடுத்த ஒரு கடிதத்தை அதிகாரி பிரிக்கிறார். அந்த அம்மா அங்கே நிறுத்தி, புத்தகத்தை மூடினார். கூடம் முழுவதும் ஒரே குரலில் "ஆ!" என்றது. அடுத்து நூறு கத்திகள் பலகையில். மறுநாள் காலை எங்களுக்கு விமானம். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.